கேமிங் லேப்டாப் வாங்கி முதுகு வலித்தவர்களும், ஒல்லி லேப்டாப் வாங்கித் தலை வலித்தவர்களும்

ரயில்பயணி, கூடுவாஞ்சேரி:

நேற்று என் மச்சான் போன் செய்தான். "ஒரு லட்சம் பட்ஜெட். ஆபீசுக்கும் ஆகணும், கேமும் ஆடணும். எது வாங்கட்டும்?" 2023 தீபாவளி போனஸைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஊரெல்லாம் கேட்ட அதே கேள்வி. அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். உங்கள் கதையையும் சொல்லுங்கள், அவனுக்கு அனுப்பி வைக்கிறேன்.

எங்களுடையது சின்ன கம்பெனி. லேப்டாப் தரமாட்டார்கள், சொந்த லேப்டாப் கொண்டுவந்தால் மாதம் கொஞ்சம் அலவன்ஸ். கடையில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். ஒன்று 14 இஞ்ச் பிசினஸ் மாடல், 1.4 கிலோ, கறுப்புப் பெட்டி, பார்க்க ஆடிட்டர் மாதிரி இருந்தது. இன்னொன்று 15.6 இஞ்ச் கேமிங், ஆர்டிஎக்ஸ் 4060 என்ற கிராபிக்ஸ் கார்டு (கேமையும் படத்தையும் வேகமாக ஓட்டுவது), நொடிக்கு 144 முறை படம் மாறும் 144 ஹெர்ட்ஸ் திரை, கீபோர்டு முழுக்க வண்ண விளக்கு. விலை வித்தியாசம் நாலாயிரம்தான். கிராபிக்ஸ் கார்டே இல்லாத ஒன்றுக்கு எதற்கு இவ்வளவு காசு? கேமிங்கையே தூக்கிக்கொண்டு வந்தேன்.

அன்று தொடங்கிய தூக்கல் பதினோரு மாதம் நீடித்தது. லேப்டாப் 2.4 கிலோ என்று பெட்டியில் போட்டிருந்தது. சார்ஜரைப் பற்றி எதுவும் போடவில்லை. 230 வாட் சார்ஜர், வீட்டுத் தராசில் வைத்தேன், கேபிளோடு 800 கிராம் பக்கம். கூட டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், குடை. காலை எலக்ட்ரிக் ட்ரெயினில் கிண்டி வரை நின்றுகொண்டே இதைச் சுமந்து பாருங்கள். பையின் வலது பட்டை நான்காவது மாதம் தையல் விட்டது. செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன சார், செங்கல்லா வெச்சிருக்கீங்க?" என்றார்.

சார்ஜரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். பேட்டரி இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் அலுவலகத்தில் மீட்டிங். டை கட்டிய ஆறு பேர் முன்னால் மூடியைத் திறந்தேன், கீபோர்டில் தீபாவளி சீரியல் லைட் ஓட ஆரம்பித்தது. அதை அணைக்கும் பட்டன் எது என்று தேடுவதற்குள் ஃபேன் மாவு மில் மாதிரி கிளம்பிவிட்டது. எக்செல்தான் திறந்திருந்தேன், சத்தியமாக.

கேம் ஆடினேனா? மொத்தம் ஐந்தாறு ஞாயிற்றுக்கிழமை. பிறகு அதைச் சித்தப்பா மகனுக்கு நஷ்டத்தில் விற்றுவிட்டு அந்த ஆடிட்டர் லேப்டாப்பையே வாங்கினேன். 65 வாட் யுஎஸ்பி-சி சார்ஜர், போனுக்கும் அதுவே.

மதுரை லென்ஸ்:

அண்ணன் கதைக்கு நேர் எதிர் என் கதை. கல்யாண வீடியோ எடுக்கிறேன். கஸ்டமர் வீட்டுக்குப் போகும்போது கையில் அழகாக இருக்கட்டும் என்று 1.1 கிலோ பிசினஸ் லேப்டாப் ஒன்று வாங்கினேன். ஐ7, 16 ஜிபி ரேம், விரலிடுக்கில் பிடித்துத் தூக்கலாம். ஆல்பம் மாடல் காட்டும்வரை ராஜா.

இப்போதெல்லாம் காலை முகூர்த்தத்தில் எடுத்ததை அன்று மாலை ரிசப்ஷனிலேயே நான்கு நிமிடப் படமாக எல்இடி திரையில் போடச் சொல்கிறார்கள். ஆவணி மாதம், திருமங்கலம் பக்கம் ஒரு மண்டபம். 4கே கிளிப்களைப் போட்டதும் முதல் ஐந்து நிமிடம் பறந்தது. அப்புறம் சூடு ஏற ஏற வேகம் இறங்கியது. வெட்டிய ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்று ஓடியது. சமையல்காரரிடம் ஒரு சில்வர் தாம்பாளம் வாங்கிக் கவிழ்த்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்து, மேடைக்கு வைத்திருந்த டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். மணமகனின் தாய்மாமன் வந்து, "ஏன்டா தம்பி, மாப்பிள்ளைக்கு வேர்க்குது, பொட்டிக்குக் காத்தா?" என்று ஃபேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இதைவிடப் பெரிய அடி, நிறம். என் திரையில் பெண்ணின் அரக்குப் பட்டு பழுப்பாகத் தெரிந்தது. கேமரா பிழை என்று நினைத்துச் சிவப்பை ஏற்றினேன். மாலை எல்இடி திரையில் ஓடியபோது புடவை மட்டுமல்ல, பெண்ணின் முகம், ஐயர், வாழைமரம் எல்லாமே செக்கச்செவேல். அந்த லேப்டாப் திரை 45 சதவீத என்டிஎஸ்சி (திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கான அளவு) என்று பிறகுதான் கண்டுபிடித்தேன். எழுத்து படிக்கப் போதும், நிறம் பார்க்க ஆகாது. விலை குறைந்த கேமிங் லேப்டாப்களிலும் இதே திரையைப் போட்டு 144 ஹெர்ட்ஸ் என்று மட்டும் பெரிதாக எழுதுவார்கள். நிறத்தை வைத்துப் பிழைப்பவர்கள் 100 சதவீத எஸ்ஆர்ஜிபி (இதுவும் நிற அளவுதான்) என்று இருக்கிறதா பாருங்கள்.

இப்போது 2.5 கிலோ கேமிங் லேப்டாப்தான். சுமப்பது கார், நான் அல்ல. மண்டபத்தில் பிளக் பாயிண்டுக்கும் பஞ்சமில்லை. மாவு மில் சத்தமா? நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் அது யார் காதில் விழும்?

ஆனைக்கோட்டைப் பொடியன், யாழ்ப்பாணம்:

பிளக் பாயிண்ட் இருந்தும் கரண்ட் இல்லாத கதை என்னுடையது.

2021இல் கொழும்புக்குப் போய் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கேமிங் லேப்டாப் ஒன்று எடுத்தேன். அம்மாவின் சீட்டுக்காசு. அடுத்த வருடம் நாடு இருந்த நிலை எல்லோருக்கும் தெரியும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. எனக்கு இறுதி வருட அறிக்கை எழுதும் காலம். என்னுடையது ஒன்றேகால் மணித்தியாலத்தில் படுத்துவிடும். கரண்ட் எப்போது வரும் என்று அட்டவணை பார்த்து, இரவு இரண்டு மணிக்கு எழும்பி சார்ஜ் போட்டுக்கொண்டு எழுதுவேன்.

அறை நண்பனிடம் பழைய திங்க்பேட் டி480, லெனோவோவின் பிசினஸ் லேப்டாப். 2018 மாடல், பாவித்தது. அதில் இரண்டு பேட்டரி: ஒன்று உள்ளே, இன்னொன்று வெளியே கழற்றி மாட்டக்கூடியது. உள்ளே இருப்பது தாங்கிப் பிடிக்கும் நேரத்தில், அணைக்காமலே வெளிப்பேட்டரியை மாற்றலாம். அவன் 72 வாட்-மணி பேட்டரி இரண்டு வைத்திருந்தான். டோர்ச் பேட்டரி மாற்றுவதுபோல மாற்றிவிட்டு எழுதிக்கொண்டே இருப்பான். என்னுடைய ஆர்டிஎக்ஸ் பக்கத்தில் கறுப்புத் திரையோடு கிடக்கும். கடைசி இரண்டு அத்தியாயங்களை அவனுடையதில்தான் எழுதினேன்.

ஒன்று பிந்தித்தான் தெரிந்தது. என் லேப்டாப்பில் திரை எப்போதும் கிராபிக்ஸ் கார்டு வழியாகவே ஓடும்படி அமைப்பு இருந்தது, கடைக்காரர் "ஸ்பீடா இருக்கும்" என்று வைத்துத் தந்தது. அதை மாற்றி, ப்ராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸில் ஓடவிட்டு, திரையை 60 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வருகிறது. மச்சானிடம் ஏற்கெனவே கேமிங் இருந்தால் முதலில் இதைச் செய்யச் சொல்லுங்கள் அண்ணை.

கோவை பவுண்டரி:

வார்ப்புப் பட்டறைக்கு டிசைன் செய்கிறேன். சாலிட்வொர்க்ஸ் என்ற டிசைன் மென்பொருளில் வேலை. கிராபிக்ஸ் கார்டு பெரிதாக இருந்தால் வேகம் பறக்கும் என்று நம்பி கேமிங் வாங்கினேன். பாகத்தை மறுபடி கணக்கிடும்போது பெரும்பாலும் ப்ராசசரின் ஒரே ஒரு கோர்தான் உழைக்கிறது, கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது. சரி, அது என் அறியாமை.

பட்டறையில் மணல் தூசி. இவ்வளவு காற்றை உறிஞ்சும் ஃபேன் தூசியையும் சேர்த்துத்தான் உறிஞ்சும். ஆறே மாதத்தில் துவாரத்தில் கம்பளி மாதிரி அடைத்துக்கொண்டது. பிறகு திரையைத் தாங்கும் ஹிஞ்ச் (கீல்) உடைந்தது. வாரன்டி உண்டு, ஆனால் நாம்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். 18 நாள் ஆனது. என் பார்ட்னரின் பிசினஸ் மாடலில் கீபோர்டு போனபோது மறுநாள் ஆளே பட்டறைக்கு வந்து, டீ குடித்துவிட்டு மாற்றிக்கொடுத்துவிட்டுப் போனார். கிராபிக்ஸ் கார்டே இல்லாததற்கு எதற்கு இவ்வளவு காசு என்று ரயில்பயணி கேட்டாரே, ஒரு பங்கு இங்கே போகிறது.

ரிச்சி தெரு ஸ்க்ரூடிரைவர்:

லேப்டாப் ரிப்பேர்க்காரன், இரண்டையும் திறந்து பார்த்துப் பிழைக்கிறவன், நானும் கொஞ்சம் சொல்கிறேன்.

பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், வாட்டைப் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 4060 என்ற அதே பெயரில் 35 வாட் மின்சாரம் இழுப்பதும் உண்டு, 115 வாட் இழுப்பதும் உண்டு. ஒல்லி உடம்பில் போட்டால் குறைவாகத்தான் ஊட்ட முடியும். 60 வாட் 4060ஐ வாங்கிவிட்டு, யூடியூபில் பார்த்த வேகம் வரவில்லை என்று என்னிடம் கொண்டுவருகிறார்கள். நான் எதைத் திருகி ஏற்றுவது? ப்ராசசருக்கும் இதே கணக்குதான். இன்டெல் 12, 13ஆம் தலைமுறையில் பெயரின் கடைசி எழுத்து யு என்றால் அடிப்படை 15 வாட், எச் என்றால் 45, எச்எக்ஸ் என்றால் 55. மதுரைத் தம்பி வாங்கியது யு ஆகத்தான் இருக்கும். அது தாம்பாளத்துக்கெல்லாம் அடங்காது.

எடை குறைந்த பிசினஸ் மாடல்கள் சிலவற்றில் ரேமைப் போர்டோடு பற்றவைத்துவிடுவார்கள். பிறகு கூட்டவே முடியாது. கேமிங்கில் பெரும்பாலும் இரண்டு ஸ்லாட் இருக்கும், 8 ஜிபியில் வாங்கிப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

கேமிங்கை டெஸ்க்டாப் மாதிரி எப்போதும் சார்ஜரிலேயே வைத்திருப்பவர்கள் பேட்டரியை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். டச்பேட் தானாக மேலே எழும்புகிறது என்று வருபவர்களுக்கு உள்ளே பேட்டரிதான் உப்பியிருக்கும்.

யாழ்ப்பாணத் தம்பி சொன்ன டி480ஐத் தேடி இனி நிறையப் பேர் வருவீர்கள். வாங்குங்கள், ஆனால் அதற்கு முந்தைய டி470ஐ அதே மாதிரி இருக்கிறது என்று யாராவது தலையில் கட்டினால் வேண்டாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற இன்டெல் 8ஆம் தலைமுறையாவது வேண்டும். டி480இல் பெரும்பாலும் அது உண்டு, டி470இல் கிடையாது. வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

திருச்சி அம்மா:

நான் இங்கே புதிது. மகள் பி.ஆர்க் (கட்டடக்கலைப் படிப்பு) சேர்ந்திருக்கிறாள். சீனியர்கள் எல்லோரும் கேமிங் லேப்டாப்தான் வேண்டும் என்கிறார்கள். வீட்டுக்காரர் லேசானதை வாங்கு என்கிறார். இதையெல்லாம் படித்தபின் இன்னும் குழம்பிவிட்டேன்.

ரயில்பயணி, கூடுவாஞ்சேரி:

அக்கா, அவர்கள் சொல்வதும் தப்பில்லை. கட்டடத்தை முப்பரிமாணத்தில் ஒளி, நிழலோடு காட்டும் ரெண்டர் மென்பொருள்களுக்குக் கிராபிக்ஸ் கார்டு வேண்டும். ஆனால் முதல் வருடம் பெரும்பாலும் டிராயிங் போர்டும் கையும்தான் என்று என் நண்பன் சொல்வான், அவன் ஆர்க்கிடெக்ட். ஒரு வருடம் தள்ளிப்போட முடிந்தால் அதே காசுக்கு இன்னும் நல்லது வரும். வாங்கத்தான் வேண்டும் என்றால் அவள் எங்கே உட்கார்ந்து வேலை செய்வாள் என்று கேளுங்கள். ஹாஸ்டலா? அறையில் பிளக் பாயிண்ட் எத்தனை?

திருச்சி அம்மா:

கேட்டேன் தம்பி. ஒன்றுதானாம். நான்கு பேருக்கு. அதிலும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கொசு மெஷின் இருக்குமாம்.

ஆனைக்கோட்டைப் பொடியன், யாழ்ப்பாணம்:

அக்கா, டி480. இரண்டு பேட்டரியோடு.