60 ஹெர்ட்ஸிலிருந்து 144 ஹெர்ட்ஸுக்கு மாறினால் விளையாட்டில் வித்தியாசம் தெரியுமா?

நெடுவழி:
வணக்கம் நண்பர்களே. கைவசம் இருப்பது ரைசன் 5 3600 சிபியூ, ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, 1080பி 60 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும்) மானிட்டர். கவுன்டர் ஸ்ட்ரைக் 2-இல் எஃப்பிஎஸ் (ஆட்டம் விநாடிக்குத் தரும் ஃப்ரேம், அதாவது படங்களின் எண்ணிக்கை) 150-ஐத் தாண்டுகிறது. எல்டன் ரிங் 60-லேயே நிற்கிறது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கலாமா என்று யோசனை. கண்ணுக்கு 60-க்கு மேல் தெரியவே தெரியாது என்கிறார்கள் சிலர். 144 பார்த்துவிட்டால் திரும்பிப் போக மனசு வராது என்கிறார்கள் வேறு சிலர். எது சரி? ஒரேயடியாக 240-க்குப் போய்விடலாமா?

திரைக்கோடு:
60-க்கு மேல் கண்ணுக்குத் தெரியாது என்பது தவறு. டெஸ்க்டாப்பில் மவுஸ் பாயின்டரை வேகமாக வட்டமாகச் சுழற்றிப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸில் பாயின்டர் தனித்தனியாக, இடைவெளி விட்டுத் தெரியும். 144-இல் அந்த இடைவெளி பாதிக்கும் கீழே குறைந்துவிடும். இதைக் கவனிக்கத் தனிப் பயிற்சி எதுவும் வேண்டாம்.

எஃப்பிஎஸ் கணக்கை விட்டுவிட்டு, ஒரு ஃப்ரேமுக்கு எத்தனை மில்லி செகண்ட் என்று பாருங்கள். 30-இல் 33.3, 60-இல் 16.7, 144-இல் 6.9, 240-இல் 4.2. அதாவது 60-லிருந்து 144-க்குப் போனால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஏறக்குறைய 10 மில்லி செகண்ட் மிச்சம். 144-லிருந்து 240-க்குப் போனால் ஏறக்குறைய 2.8 மட்டுமே. அந்த 2.8-க்காக சிபியூவும் கிராபிக்ஸ் கார்டும் முக்கால் மடங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடுதல் வேலை செய்தாக வேண்டும். உங்கள் மெஷினுக்கு 144 போதும்.

இன்னொன்று, மங்கல். எல்சிடியோ ஓலெடோ, அடுத்த ஃப்ரேம் வரும்வரை இருக்கிற படத்தை அப்படியே பிடித்து வைத்திருக்கும். கண்ணோ நகரும் ஆளோடு சேர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் படம் விழித்திரையில் இழுபடுகிறது. திரையில் விநாடிக்கு 960 பிக்சல் நகரும் எதிரியைக் கண் பின்தொடர்ந்தால், 60-இல் 16 பிக்சல் அகலத்துக்குத் தீற்றல் விழும். 120-இல் 8, 240-இல் 4. ஓடிக்கொண்டே குறிபார்க்கும் ஆட்டங்களில் இதுதான் பெரிய லாபம். ஆனால் ஆட்டமும் அத்தனை ஃப்ரேம் தந்தால்தான். 144 ஹெர்ட்ஸ் திரையில் 60 எஃப்பிஎஸ் ஓடினால் மங்கல் 60-க்கு உள்ளதுதான்.

எல்டன் ரிங் பிசியில் 60-க்கு மேல் போகாது, அது ஆட்டத்திலேயே போட்ட பூட்டு. அதற்காக மானிட்டர் மாற்றாதீர்கள்.

சமநடை:
மேலே சொன்னது சரிதான். ஆனால் சராசரி எஃப்பிஎஸ்ஸை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். சராசரி 120 காட்டும் ஆட்டத்தில் நடுநடுவே ஒரு ஃப்ரேம் 50 மில்லி செகண்ட் எடுத்தால், கையில் அது திக்கலாகவே தெரியும். 90-இல் சீராக ஓடுவது அதைவிட எவ்வளவோ மேல். ரிவா ட்யூனர் என்ற அளவிடும் மென்பொருளில் ஃப்ரேம் டைம் (ஒவ்வொரு ஃப்ரேமும் எடுக்கும் நேரம்) கோட்டைப் போட்டுப் பாருங்கள். கோடு தட்டையாக இருக்க வேண்டும்.

ஊசி ஊசியாக எகிறினால் முதலில் ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் ஏறவே இல்லை என்றால் தடை சிபியூ பக்கம். அப்போது டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படம்) தரத்தைக் குறைத்துப் பிரயோஜனமில்லை. ஆட்டத்தில் காட்டும் ஆட்கூட்டம், நிழல், பார்வைத் தூரம் இவற்றைக் குறைக்க வேண்டும். 3600 இருப்பதால் ராமையும் பாருங்கள். ஒற்றை ஸ்டிக் என்றால் இன்னொன்று போட்டு டூயல் சேனல் (இரண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் முறை) ஆக்குங்கள். பயாஸில் (மதர்போர்டின் செட்டிங் திரை) எக்ஸ்எம்பி, அதாவது ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு, போடாவிட்டால் 3200 ராம் பெரும்பாலும் 2133, 2400 போன்ற குறைந்த வேகத்தில்தான் ஓடும். பலர் கிராபிக்ஸ் கார்டைக் குறை சொல்லும் இடத்தில் உண்மையான காரணம் இதுவாக இருக்கிறது.

புது இடத்துக்குள் நுழையும்போது மட்டும் ஒருமுறை திக்கினால் அது பெரும்பாலும் ஷேடர் கம்பைலேஷன், அதாவது காட்சியை வரையும் நிரல்களை கிராபிக்ஸ் கார்டுக்கு ஏற்பத் தயார்செய்யும் வேலை. எந்த மானிட்டரும் அதைச் சரிசெய்யாது. மெனுவில் கம்பைல் ஆகும் பட்டை ஓடினால் முடியும்வரை காத்திருங்கள்.

நெடுவழி:
நன்றி. எக்ஸ்எம்பி இன்று பார்க்கிறேன். ஒரு சந்தேகம்: கனமான ஆட்டங்களில் எஃப்எஸ்ஆர் 3 ஃப்ரேம் ஜெனரேஷன் (ஏஎம்டியின், ஃப்ரேம்களை ஊகித்துச் சேர்க்கும் வசதி) போட்டு 60-ஐ 120 ஆக்கிக்கொள்ளலாமே? மானிட்டர் வந்ததும் என்னென்ன செட்டிங் மாற்ற வேண்டும்?

திரைக்கோடு:
கண்ணுக்கு 120, கைக்கு 60. ஃப்ரேம் ஜெனரேஷன் இரண்டு நிஜ ஃப்ரேம்களுக்கு நடுவே ஒன்றை ஊகித்துச் செருகுகிறது. அதற்கு அடுத்த நிஜ ஃப்ரேம் வரும்வரை காத்திருந்தாக வேண்டும் என்பதால் மவுஸ் தாமதம் கொஞ்சம் கூடவே செய்யும். தனியாக ஆடும் கதை ஆட்டங்களில், ஊகத்துக்கு முன்பே 60-ஐத் தொட்டால் நன்றாக இருக்கும். 30-லிருந்து 60 ஆக்கப் பார்த்தால் ஓரங்களில் கலங்கலும் கையில் பாரமும் தெரியும். போட்டி ஆட்டங்களில் வேண்டவே வேண்டாம்.

சமநடை:
செட்டிங்குக்கு வருகிறேன். டிஸ்ப்ளே போர்ட் கேபிளில் இணையுங்கள். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் ரெஃப்ரெஷ் ரேட்டை 144 என்று மாற்றுங்கள். புது மானிட்டர் 60-லேயே நின்றுவிடுவது சகஜம், தெரியாமல் மாதக்கணக்கில் அப்படியே ஆடுபவர்களும் உண்டு.

பிறகு மானிட்டர் மெனுவில் ஃப்ரீசிங்க், என்விடியா கன்ட்ரோல் பேனலில் ஜி-சிங்க் (இவை இரண்டும் திரையின் வேகத்தை ஆட்டத்தின் எஃப்பிஎஸ்ஸுக்கு ஏற்ப மாற்றுபவை), அங்கேயே வி-சிங்க் (ஃப்ரேமைத் திரையின் புதுப்பிப்போடு பொருத்தி, படம் கிழியாமல் காப்பது), மூன்றையும் ஆன் செய்யுங்கள். ஆட்டத்துக்குள் வி-சிங்க் ஆஃப். எஃப்பிஎஸ்ஸை 141-க்கு மேல் போகாமல் கட்டுங்கள். 144-ஐத் தொட்டுவிட்டால் ஜி-சிங்க் விலகி, வி-சிங்க் ஃப்ரேம்களை வரிசையில் நிறுத்தி, தாமதம் ஏறிவிடும். ரிஃப்ளெக்ஸ் (என்விடியாவின் தாமதம் குறைக்கும் வசதி) உள்ள ஆட்டத்தில் அதை ஆன் செய்தால் அதுவே 138 அருகில் கட்டிக்கொள்ளும்.

வாங்கும்போது பேனலைக் கவனியுங்கள். விஏ, ஐபிஎஸ் என்பவை எல்சிடி பேனல் வகைகள். விஏ பேனல்கள் பலவற்றில் இருட்டுக் காட்சிகளில் கறுப்பு பின்னால் இழுபடும். வேகமான ஐபிஎஸ் இதற்குத் தேவலை. மானிட்டர் மெனுவில் ஓவர்டிரைவை (பிக்சல் நிறம் மாறும் வேகத்தைக் கூட்டும் செட்டிங்) நடு அளவில் வையுங்கள். உச்சத்தில் வைத்தால் நகரும் பொருளின் பின்னே வெளிர் நிழல் விழும். மலிவான மானிட்டர்களில் அந்த அளவு 144-க்கு மட்டுமே சரிபார்த்து வைத்ததாக இருக்கும். எல்டன் ரிங் 60-இல் ஓடும்போது அதே வெளிர் நிழல் எட்டிப் பார்த்தால், அந்த ஆட்டத்துக்கு மட்டும் ஓவர்டிரைவை ஒரு படி இறக்குங்கள்.