மலைக்குள் ஓடும் கால்வாய்: ஸ்டான்எட்ஜ் சுரங்கம்

தம்பலகாமத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் வசிக்கும் என் அண்ணனிடம் சென்றிருந்தபோது, மார்ஸ்டன் என்ற சிற்றூரில் தொடங்கி பென்னைன் மலைகளை ஊடறுத்துச் செல்லும் ஸ்டான்எட்ஜ் கால்வாய்ச் சுரங்கத்துக்குள் படகில் போகும் வாய்ப்புக் கிடைத்தது. பிரித்தானியக் கால்வாய்ச் சுரங்கங்களுள் மிக நீளமானதும் மிக ஆழமானதும் இதுவே. நீளம் மட்டும் 5 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். 1794இல் தொடங்கிய வேலை, பணத் தட்டுப்பாட்டாலும் இரு முனைகளிலிருந்தும் தோண்டியவர்களின் அளவைகள் பொருந்தாமற்போனதாலும் இழுபட்டு, புகழ்பெற்ற பொறியியலாளர் தோமஸ் டெல்ஃபோர்டின் ஆலோசனை பெற்ற பின்னரே 1811இல் முடிவுற்றது.

உள்ளே சிறிது தூரம் செங்கல் வளைவு. பிறகு வெடிமருந்தால் பிளந்த கரடுமுரடான பாறை, கையை நீட்டினால் தொடுமளவு நெருக்கத்தில், நீர் சொட்டச் சொட்ட நிற்கிறது. செலவைக் குறைப்பதற்காக, படகை இழுக்கும் குதிரைகளுக்கு இங்கே பாதை அமைக்கப்படவில்லை. ஆகவே குதிரைகளை மலைமேல் நடத்திச் சென்றார்கள்; உள்ளே, படகில் மல்லாந்து படுத்த ஆட்கள் சுவரைக் கால்களால் உதைத்து உதைத்தே சுமையேற்றிய படகை மணிக்கணக்கில் நகர்த்தினார்கள். அந்த உழைப்பாளிகளின் பெயர்களையும் நுழைவாயிலில் பொறித்திருக்கலாம் என்பது என் ஆதங்கம். அருகிலுள்ள சுரங்கத்தில் ரயில் போகும்போது, குறுக்குவழிகளூடாகக் குளிர்காற்று வந்து முகத்தில் அடிக்கிறது.

1944இல் சட்டப்படி கைவிடப்பட்ட இக்கால்வாயை மீட்க 1974இல் ஒரு சங்கம் உருவானது. அதன் விடாமுயற்சியால் சரிந்த பாறைகள் அகற்றப்பட்டு, சேறு அள்ளப்பட்டு, 2001இல் படகுகள் மீண்டும் ஓடின. தளர்ந்த பகுதிகளை மட்டும் இரும்புக் கம்பிகளாலும் விசிறியடித்த கொங்கிறீற்றாலும் இறுக்கி, உறுதியான பாறையை அப்படியே விட்டது மிகச் சரியான முடிவு என்று கருதுகிறேன்.

கந்தளாயிலிருந்து மற்றோர் உறுப்பினர்:

தம்பி, உங்கள் பதிவை இருமுறை வாசித்தேன். நமது குளங்களின் துருசிலும், அதாவது வயலுக்கு நீர் திறந்துவிடும் மதகிலும், நீர் குளக்கட்டின் அடியாலேயே செல்கிறது. அளவில் அது மிகச் சிறியதாயினும், மண்ணும் கல்லும் சேரும் இடத்தில் கசிவு தொடங்கி மண்ணை அரித்துச் செல்வதே அங்குள்ள பெரிய ஆபத்து. தெளிந்த நீர் கசிந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். கலங்கலாக வந்தால் கட்டின் உள்ளே மண் கரைகிறது என்று பொருள். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டதை அறிந்த நாங்கள், கலங்கல் நீரைக் கண்டால் இன்றும் நிம்மதியாக உறங்குவதில்லை. அந்தச் சுரங்கத்தின் பாறைகளை இப்போது எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை, யார் சோதிக்கிறார்கள் என்பதை உங்கள் அண்ணனிடம் விசாரித்து எழுதுங்கள். சிறுபோக நெற்செய்கைக்கு முன் கூடும் எங்கள் கமக்காரர் அமைப்பில் அதை எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.