டெல்லி மயூர் விகார் தமிழ் குரூப், ஞாயிறு ராத்திரி

விஜி, டவர் பி: எல்லாருக்கும் வணக்கம், பொங்கல் ஃபங்ஷன் பத்தி ஒண்ணு. நேத்து ராத்திரி நம்ம கேட் வாசல்ல பாராத், அதான் மாப்பிள்ளை ஊர்வலம், போச்சுல்ல, அதுல ஒருத்தன் மாப்பிள்ளை குதிரைக்குப் பக்கத்துல நின்னுகிட்டு மேல பாத்து சுட்டான், பசங்க எல்லாம் பால்கனில நின்னுட்டு இருந்தாங்க எனக்கு கை காலே ஓடல. பொங்கல் அன்னிக்கு லான் முழுக்க குழந்தைங்களா இருக்கும், ஏஜென்சில சொல்லி ஒரு கன்மேன் வெச்சுடலாமா?

லலிதா மாமி: அந்த வீடியோ என்கிட்ட இருக்கு. போடட்டுமா

கீதா டீச்சர்: வேணாம் மாமி ப்ளீஸ். அவன் மூஞ்சிய நாமளே ஊரெல்லாம் காட்டினா அவனுக்கு அதுதான் சந்தோஷம். போலீஸுக்கு மட்டும் குடுங்க

சுப்பையா அண்ணன்: 112ல நேத்தே சொல்லியாச்சு. 2019ல ஆர்ம்ஸ் ஆக்ட்ட திருத்தி, இந்த மாதிரி கொண்டாட்டத்துல அடுத்தவன் உசுருக்கு ஆபத்தா சுட்டா ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா லட்ச ரூவா வரைக்கும் ஃபைன், ரெண்டும் சேத்தும் போடலாம்னு கொண்டு வந்தாச்சு. லைசென்ஸ் வச்சிருக்கேன்னு சொல்லி தப்பிக்க முடியாது

செந்தில்: கன்மேன் நல்ல ஐடியாதான். அமெரிக்கால எத்தனையோ ஸ்கூல்ல துப்பாக்கியோட ஆள் நிக்கிறாங்க, சும்மாவா வெப்பாங்க

அனு, டாலஸ்: செந்தில் அண்ணா நான் இன்னும் இந்த குரூப்லதான் இருக்கேன், இங்க இப்ப காலைல. பார்க்லாண்ட்ல, ஃப்ளோரிடா, 2018, ஸ்கூல்லயே துப்பாக்கியோட ஒரு டெபுடி, போலீஸ் மாதிரிதான், டூட்டில இருந்தார். சத்தம் கேட்டும் வெளியவே நின்னுட்டார், 17 பேர் போனாங்க. 2022ல யுவால்டி, எங்க டெக்சஸ்லயே, 376 போலீஸ் வந்து குவிஞ்சாங்க, 77 நிமிஷம் கழிச்சுதான் ஸ்கூல்ல சுட்டவன அடக்குனாங்க. 19 பசங்க, ரெண்டு டீச்சர். சுட ஆரம்பிச்சதுக்கு அப்புறம் என்ன பண்ணாலும் லேட்டுதான்

செந்தில்: சரிம்மா அப்போ எதுதான் தடுக்கும்

அனு, டாலஸ்: மிச்சிகன்ல ஆக்ஸ்ஃபோர்டுன்னு ஒரு ஊர், 2021 நவம்பர். பையனுக்கு 15 வயசு. அப்பா அவனுக்காக துப்பாக்கி வாங்கி நாலு நாள்தான் ஆகுது, அம்மா அவன ரேஞ்சுக்கு கூட்டிட்டுப் போய் சுடவும் வெச்சிருக்காங்க. முந்தின நாள் கிளாஸ்ல போன்ல தோட்டா தேடிட்டு இருந்தத டீச்சர் பாத்தாங்க. அன்னிக்கு காலைல பேப்பர்ல துப்பாக்கி படம் போட்டு, ஹெல்ப் பண்ணுங்கன்னு அவனே எழுதியிருக்கான். இதுக்கு மேல என்ன சொல்லணும் ஒரு பையன்? அப்பா அம்மாவ வரச் சொன்னாங்க, வந்தாங்க, வீட்டுக்கு கூட்டிட்டுப் போக மாட்டேன்னுட்டாங்க, வீட்ல துப்பாக்கி இருக்குன்னும் சொல்லல, ஸ்கூல்லயும் சரின்னு கிளாஸுக்கே திருப்பி அனுப்பிட்டாங்க. பேக்ல இருந்துச்சு துப்பாக்கி. யாருமே பேக்க திறந்து பாக்கல. கொஞ்ச நேரத்துல 4 பசங்க செத்துட்டாங்க

அனு, டாலஸ்: 2024ல அப்பா அம்மா ரெண்டு பேருக்குமே தண்டனை, ஆளுக்கு 10லேர்ந்து 15 வருஷம்

விஜி, டவர் பி: ஐயோ படிக்கவே முடியல

செந்தில்: கொடுமைதான். ஆனா நம்ம ஊர்ல இது வராது, கடைல போய் வாங்க முடியாதுல்ல

சுப்பையா அண்ணன்: தம்பி 2007 மறந்து போச்சா? குர்கான்ல ஒரு ஸ்கூல்ல ரெண்டு பயலுக சேந்து கூடப் படிக்கிற எட்டாங்கிளாஸ் பையன சுட்டுக் கொன்னாங்க. துப்பாக்கி எங்கேருந்து வந்துச்சு? ஒருத்தன் அப்பாவோடது. நான் சர்வீஸ்ல இருந்தப்போ டூட்டி முடிஞ்சா ஆயுதம் கோத்துக்கு, அதான் ஆயுத அறைக்கு, போயிடும், ரெஜிஸ்டர்ல கையெழுத்து, தோட்டா எண்ணிக் குடுக்கணும், ஒண்ணு கொறஞ்சாலும் யூனிட்டே தூங்காது. இங்க என்னடான்னா வீட்டம்மா நகைக்கு பேங்க் லாக்கர் எடுக்கான், துப்பாக்கிய பனியன் அடுக்குக்குள்ள சொருகி வைக்கான்

செந்தில்: நம்ம சி டவர்லயே ஒருத்தர்
இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

சுப்பையா அண்ணன்: பேர் எல்லாம் இங்க வேணாம். நான் நேர்ல பேசுறேன்

கீதா டீச்சர்: அனு சொன்னதுல துப்பாக்கி பாதி, மீதி பாதி அந்தப் பேப்பர். இவங்க திடீர்னு கிளம்பி வர்றதில்ல, முன்னாடியே யார்கிட்டயாவது சொல்லிடறாங்க, ஃப்ரெண்டுகிட்ட, இன்ஸ்டால, பாதி விளையாட்டா. அமெரிக்கால ஜனாதிபதிக்குக் காவல் குடுக்கற சீக்ரெட் சர்வீஸ்ல இதுக்குன்னே ஒரு சென்டர் இருக்கு, அவங்க 2021ல நடக்காமப் போன 67 திட்டத்த எடுத்து அலசினாங்க. பெரும்பாலும் அவன் சொன்னதக் கேட்டவங்க, கூடப் படிக்கிற பசங்கதான் ரொம்ப, யாராவது பெரியவங்ககிட்ட வந்து சொன்னதாலதான் நின்னிருக்கு. 

அனு, டாலஸ்: ஆனா சொன்னா மட்டும் போதாது டீச்சர். பார்க்லாண்ட்ல சுட்டவன பத்தி ஒரு மாசம் முன்னாடி எஃப்பிஐக்கே போன் வந்துச்சு, அது மேல போகவே இல்ல. அதுக்கப்புறம்தான் ஃப்ளோரிடால ரெட் ஃப்ளாக் சட்டம் வந்தது, ஆபத்துன்னு தெரிஞ்சா கோர்ட் ஆர்டர் வாங்கி கொஞ்ச நாளைக்கு துப்பாக்கிய எடுத்து வெச்சுக்கலாம். டெக்சஸ்ல அதுவும் கிடையாது. என் பையன் அஞ்சு வயசு, சத்தம் போடாம அலமாரி பின்னாடி உக்காரணும்னு ட்ரில் பண்ணிட்டு வந்து காட்டறான் எனக்கு

லலிதா மாமி: கொழந்த நன்னா இருக்கட்டும். நீ வந்துடு இங்கேயே

செந்தில்: ஆஸ்திரேலியா மாதிரி மொத்தமா பிடுங்கிடணும். 1996ல போர்ட் ஆர்தர்ல ஒருத்தன் 35 பேர சுட்டுக் கொன்னான், அடுத்து ஆறு லட்சத்துக்கு மேல துப்பாக்கிய காசு குடுத்து கவர்மெண்டே வாங்கி அழிச்சாங்க. ஆனா அங்கயும் 2025 டிசம்பர்ல போண்டி பீச்ல 15 பேர சுட்டாங்களே, அதான் குழப்பமா இருக்கு

சுப்பையா அண்ணன்: அதுல குழப்பம் என்ன. சுட்டது அப்பனும் மகனும், அந்த அப்பன் பேர்லயே லைசென்ஸோட 6 துப்பாக்கி. ஒருக்கா லைசென்ஸ் குடுத்துட்டா அந்த மனுசன் அந்த வீடு எப்படி மாறுதுன்னு பாத்துக்கிட்டே இருக்கணும்ல. ஆனா நடுவுல அத்தன வருசம் அங்க இவ்வளவு பெருசா ஒண்ணும் நடக்கல, அத சின்ன விசயம்னு சொல்ல மாட்டேன். நம்ம நாட்டுல ஆளுக்கு மூணுன்னு இருந்தத 2019ல ரெண்டாக்குனாங்க, எனக்கு அதுவே ஜாஸ்தி

விஜி, டவர் பி: டீச்சர் ஒண்ணு கேக்கணும். என் பையன் போன வாரம் சொன்னான், கிளாஸ்ல ஒரு பையன் எல்லாரையும் ஒரு நாள் பாத்துக்கறேன்னு அடிக்கடி சொல்றானாம், யார்கூடவும் சாப்பிட மாட்டானாம். நான் நீ உன் வேலைய பாருன்னு சொல்லிட்டேன். கம்ப்ளெயின்ட் பண்ணா அந்தப் பையன் டிசி வாங்கிட்டுப் போயிடுவான்னு வேற பயம்

கீதா டீச்சர்: விஜி, பெரும்பாலும் அது வெறும் கோவம்தான். ஆனா யாராவது ஒருத்தர் அவன்கூட உக்காந்து பேசணும், உனக்கு என்ன பிரச்சனை, சாகணும்னு தோணுதான்னே நேரா கேக்கணும், கேட்டா எண்ணம் வந்துடும்னு பயப்பட வேணாம். சும்மா சஸ்பெண்ட் பண்ணி அனுப்பினா தனியா ரூம்ல போனோட கிடப்பான், அதான் எனக்கு பயம். மிச்சம் குரூப்ல வேணாம், இப்பவே போன் பண்ணுங்க, முழிச்சுதான் இருக்கேன்

விஜி, டவர் பி: பண்றேன்

திங்கள்

சுப்பையா அண்ணன்: நேத்து செந்தில் சொல்ல வந்தவர்கிட்ட காலைல வாக்கிங்ல பேசிட்டேன். துப்பாக்கி இருக்கற ட்ராயர்லயேதான் தோட்டாவும் கெடக்காம். லீவுக்கு பேரன் வருவான்லன்னு கேட்டேன், மனுசன் பெஞ்சுல உக்காந்துட்டார். போலீஸ் ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் இருக்கற டீலர்கிட்டயோ டெபாசிட் பண்ணலாம், சட்டத்துலயே வழி இருக்கு. கூட வரச் சொல்றார், புதன்கிழமை போறோம்

விஜி, டவர் பி: ரொம்ப தேங்க்ஸ் அண்ணே. கன்மேன் வேணாம்னு ஏஜென்சிக்கு சொல்லிட்டேன். அன்னிக்கு ஒரு கேட் மட்டும் திறப்போம், அங்க நான் நிக்கறேன்

லலிதா மாமி: மிச்ச காசுக்கு கரும்பு வாங்குங்கோ. காஜிபூர் மண்டிக்கு விடியக்காலம்பற போகணும், செந்தில அனுப்பாதேங்கோ

செந்தில்: மாமி!!