ஓ.டி.ல ஊஞ்சல் மட்டும் ஆட்டி விடுறாங்க, தொடரலாமா?

திருச்சி_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். பையனுக்கு நாலு வயசு முடிஞ்சிடுச்சு, ஆட்டிசம்னு சொல்லி ஸ்பீச் தெரபியும் ஓ.டி.யும் (ஆக்குபேஷனல் தெரபி, தினசரி வேலைகளைச் செய்யப் பழக்குற பயிற்சி) எழுதிக் குடுத்தாங்க. ஸ்பீச் பரவால்ல, வீட்ல என்ன பண்ணனும்னு சொல்றாங்க. ஓ.டி. தான் தலையும் புரியல வாலும் புரியல. முக்கால் மணி நேரம் உள்ள கூட்டிட்டுப் போய் கதவைச் சாத்திடுறாங்க, கண்ணாடி வழியா எட்டிப் பாத்தா ஊஞ்சல்ல வெச்சு ஆட்டுறாங்க, பந்து நிரப்புன தொட்டில போடுறாங்க, திரும்ப ஊஞ்சல். வெளிய வந்ததும் "குட் செஷன்"னு சொல்லிட்டு அடுத்த குழந்தையக் கூப்பிடுறாங்க. ஒரு செஷன் 600 ரூபா. மாமியார் "ஊஞ்சல் பார்க்குலயும் தானே இருக்கு"ன்னு கேக்குறாங்க, பதில் சொல்லத் தெரியல. அவனுக்கு வீட்ல பிரச்சனையே வேற, தயிர்சாதம் இட்லி தவிர எதுவும் வாய்ல வைக்க மாட்டான், முடி வெட்டணும்னா வீடே சேர்ந்து புடிக்கணும், மிக்சி சத்தம் கேட்டா காதைப் பொத்திட்டு ஓடுறான், யூனிஃபார்ம் போட்டா கழுத்துப் பட்டையப் பிச்சுக்கிறான். இதுக்கும் ஊஞ்சலுக்கும் என்ன சம்பந்தம்? நிறுத்திடலாமா?

ஈரோடு_ஓடி:
நான் இதே வேலை தாங்க பாக்குறேன். ஊஞ்சலை வேஸ்ட்னு சொல்லிட முடியாது. அமெரிக்காவுல ஜீன் ஏயர்ஸ்னு ஒரு ஓ.டி. தெரபிஸ்ட், 1970கள்ல சென்சரி இன்டக்ரேஷன்னு (புலன்கள் அனுப்புற தகவலை மூளை ஒண்ணு சேர்க்குறது) கொண்டு வந்தாங்க, அங்கிருந்து வந்தது தான் இது. காதுக்குள்ள இருக்குற பேலன்ஸ் உறுப்பு, தசை, மூட்டு எல்லாம் உடம்பு எங்க எப்படி இருக்குன்னு மூளைக்குத் தகவல் அனுப்பிட்டே இருக்கும், சில பசங்களுக்கு அதை எடுத்துக்குற விதம் வேற மாதிரி இருக்கும். ஆனா பையன் ஊஞ்சல்ல குப்புறப் படுத்து கீழ கிடக்குற வளையத்தை எடுத்து குச்சில மாட்டினா அது தெரபி, கழுத்து தோள் கை கண் எல்லாத்துக்கும் வேலை இருக்கு. சும்மா உக்கார வெச்சு ஆட்டினா உங்க மாமியார் கேட்டது நியாயம் தான். நேரா கேளுங்க, அடுத்த மூணு மாசத்துக்கு கோல், அதாவது இலக்கு என்னன்னு. "சென்சரி இம்ப்ரூவ் ஆகும்"னா அது கோலே இல்ல. "யூனிஃபார்ம் போட்டுட்டு காலைல பிரேயர் முடியுற வரைக்கும் இருப்பான்", இது கோல். எழுதியே வாங்குங்க. உள்ள உக்காரணும்னும் கேளுங்க. சில குழந்தைங்க அம்மா இருந்தா மடிய விட்டு எறங்காது, அதனால மொதல்ல கொஞ்ச நாள் வெளிய இருக்கச் சொன்னா ஓகே, எப்பவுமே கதவு சாத்தியே இருந்தா ஓகே இல்ல.

மதுரைக்காரி:
அக்கா, யூனிஃபார்ம் மேட்டர் நாங்களும் பட்டது. கழுத்து லேபிளை கத்திரியால வெட்டாதீங்க, மிச்சம் நிக்குற முனை இன்னும் குத்தும், தையலைப் பிரிச்சு முழுசா எடுக்கணும். உள்ள பழைய காட்டன் பனியனைத் திருப்பிப் போடுங்க, தையல் வெளிப்பக்கம் போயிடும். புதுத் துணிய நாலஞ்சு தடவை தொவைச்சு கஞ்சி போனப்புறம் குடுங்க. முடிக்கு எங்க ஓ.டி. சொன்னது, வெட்டுறதுக்கு முன்னாடி துண்டை வெச்சு தலையை நல்லா அழுத்தித் தேய்க்கணும், மெதுவா தடவுனா தான் அவங்களுக்குக் கூசும். செவ்வாக்கிழமை சலூன் லீவுல்ல, அன்னைக்குத் தெரிஞ்ச கடைக்காரரை வீட்டுக்கு வரச் சொல்லுவோம், ஃபேன் சத்தம் கூட்டம் எதுவும் இருக்காது. மிக்சி சுவிட்சை அவனையே போட விடுங்க, எப்ப சத்தம் வரும்னு தெரிஞ்சா பாதி பயம் போயிடும். சாப்பாட்டுல திணிக்கவே வேணாம். இட்லில இருந்து இடியாப்பம், ஆப்பம்னு வெள்ளைலயே நகருங்க, கலர் எல்லாம் அப்புறம். ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி பாதி வாளித் தண்ணி தூக்கிட்டு வரச் சொல்லுவேன், அந்த மாதிரி கனமான வேலை செஞ்சா என் பொண்ணு கொஞ்சம் நிதானமா இருப்பா. எல்லாருக்கும் ஒர்க் அவுட் ஆகும்னு சொல்ல மாட்டேன்.

லேட்டா_வர்ற_அப்பா:
காசு விஷயம் யாரும் பேசலையே. மொதல்ல யுடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) போடுங்க, 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல ஆட்டிசமும் இருக்கு. அது வந்ததும் மத்திய அரசோட நேஷனல் டிரஸ்ட் குடுக்குற நிராமயா மருத்துவ இன்சூரன்ஸ் எடுங்க, வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும், தெரபி பில்லும் அதுல கிளெய்ம் பண்ணலாம், ஒவ்வொரு செஷனுக்கும் ரசீது கேட்டு வாங்கி வைங்க. மாவட்ட அரசு ஆஸ்பத்திரில டிஇஐசின்னு ஆரம்பகால சிகிச்சை மையம் இருக்கும், காசில்லாம பாப்பாங்க, கூட்டம் தான் ஜாஸ்தி. சென்னை பக்கம் வந்தா முட்டுக்காடுல இருக்குற என்ஐஇபிஎம்டிங்கிற மத்திய அரசு மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்துல ஒரு தடவை முழு அசெஸ்மென்ட் எடுத்துடுங்க. அப்புறம் யாராவது ஸ்டெம் செல் போட்டா சரியாயிடும்னு லட்சக்கணக்குல கேட்டா எந்திரிச்சு வந்துடுங்க, ஆட்டிசத்துக்கு அது வேணாம்னு தேசிய மருத்துவ ஆணையமே 2022ல சொல்லிடுச்சு.

திருச்சி_அம்மா:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். இப்போதைக்கு நிறுத்தல, திங்கக்கிழமை போய் கோல் என்னன்னு கேக்கப் போறேன், மழுப்புனா வேற இடம் பாக்குறேன். நிராமயாவுக்கு லீகல் கார்டியன் சர்டிஃபிகேட் எல்லாம் வேணுமா?

லேட்டா_வர்ற_அப்பா:
இப்ப வேணாம்மா. 18 வயசு வரைக்கும் அப்பா அம்மா தான் கார்டியன், அதுக்கப்புறம் தான் அந்த அலைச்சல்.