போட்டிக்கு 5 வாரம்: திட்டத்தை மாற்றலாமா, பல்லைக் கடித்துக்கொண்டு தொடரலாமா?

இரவுப்பணி_70கிலோ:
மாவட்ட ஆணழகன் போட்டிக்கு இன்னும் 5 வாரம். 70 கிலோ பிரிவு. தொடங்கும்போது 79 கிலோ இருந்தேன், இப்போது 73.4. ஒன்பது நாளாக எடை அசையவில்லை. இரண்டு வாரமாக ஆலையில் இரவுப் பணி; பகலில் 4 மணி நேரம்தான் தூக்கம். கார்டியோவுக்கு (மூச்சு வாங்க வைத்துக் கொழுப்பைக் கரைக்கும் பயிற்சி) படியேறினால் இடது முழங்கால் வலிக்கிறது. பயிற்சி தரும் மாஸ்டரோ, "சாப்பாட்டு அட்டவணையைத் தொடாதே, கார்டியோவை 20 நிமிடம் கூட்டு" என்கிறார். நேற்றிரவு 2 மணிக்கு, நிறுத்து வைத்த 150 கிராம் கோழியை டப்பாவில் பார்த்தபடி கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மெல்லவே மனம் வரவில்லை. திட்டத்தை மாற்றலாமா?

பழைய_மேடை:
தம்பி, பதினோரு முறை மேடையேறியவன் சொல்கிறேன், மாற்றாதீர்கள். இந்தக் கட்டத்தில் மூளை சோற்றுக்காக வாதாடும் வக்கீலாகிவிடும். 1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரை வயிற்றோடு வைத்து ஆராய்ந்தார். அவர்களுக்குப் பேச்சும் நினைப்பும் உணவாகவே ஆனது. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட மூளையிடமா முடிவை ஒப்படைப்பீர்கள்? இங்கிலாந்து ஆணழகன் டோரியன் யேட்ஸ் 1994-ல் பைசெப்ஸ் (மேற்கையின் முன்தசை) கிழிந்தும், ஆணழகர்களின் உச்சப் பட்டமான மிஸ்டர் ஒலிம்பியாவை வென்றார். அந்த நெஞ்சுரம் வேண்டும்.

இயன்முறை_திருச்சி:
யேட்ஸை நீங்கள் பாதிதான் சொல்கிறீர்கள் அண்ணா. கிழிந்த கையை வைத்துக்கொண்டு அவர் பழைய பயிற்சியையே செய்யவில்லை; காயத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார். 1997-ல் ட்ரைசெப்ஸ் (மேற்கையின் பின்தசை) கிழிந்தது. அப்போதும் வென்றார், ஆனால் அதுவே அவருடைய கடைசி ஒலிம்பியா. "வலி என்றால் பலவீனம்" என்று சொல்லிக்கொண்டே வீங்கிய முழங்காலோடு என்னிடம் வரும் பையன்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

தம்பி, தூக்கம் கெட்டு, உடல் களைத்திருக்கும்போது நீர் தேங்கும். கொழுப்பு கரைந்தாலும் தராசு அதைக் காட்டாது. இடுப்பை நாடாவால் அளந்தீர்களா? 5 வாரத்தில் 3.4 கிலோ என்றால் வாரத்துக்கு ஏறக்குறைய 0.7 கிலோ. வாரத்துக்கு உடல் எடையில் 1 சதவீதத்துக்கு மேல் குறைத்தால் தசையும் சேர்ந்து போகும் ஆபத்து அதிகம். நீங்கள் அந்த விளிம்பில்தான் நிற்கிறீர்கள். இதில் இன்னும் 20 நிமிடம் கூட்டி என்ன பயன்?

பழைய_மேடை:
முழங்காலைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். படியை விட்டுச் சைக்கிளுக்குப் போகட்டும். என் பயம் வேறு. ஒன்றை மாற்றியவன் அங்கேயே நிற்பதில்லை. இன்று கார்டியோ, நாளை அரிசி, மறுநாள் "ஒரு நாள் ஓய்வு". ஒரு வருடம் எனக்கே நடந்தது. போட்டிக்கு 2 வாரம் இருக்கும்போது எதிராளியின் படத்தைப் பார்த்துவிட்டேன். கொழுப்பு கரைந்து அவன் தொடையில் தசை கோடு கோடாகத் தெரிந்தது. அன்றிரவே மாஸ்டரிடம் கேட்காமல் அரிசியைப் பாதியாக்கினேன். மேடையில் தசை எல்லாம் தட்டையாகிக் கிடந்தது. முதல் சுற்றிலேயே வெளியேறினேன். அந்தத் தோல்வி இன்றும் வலிக்கிறது.

இயன்முறை_திருச்சி:
அது பதற்றத்தில் எடுத்த முடிவு. நான் சொல்வது அளந்து பார்த்து எடுக்கும் முடிவு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

மேடைக்குப்பின்னால்:
நான் போட்டியாளர்களுக்கு எண்ணெய் தடவி, பம்ப் செய்ய (மேடையேறும் முன் லேசான பயிற்சியால் தசையைப் புடைக்க வைக்க) உதவுபவன். ஒருமுறை காலை 11 மணிக்கு என்று சொன்ன பிரிவை மாலை 5-க்குத்தான் அழைத்தார்கள். 11 மணிக் கணக்கில் வாழைப்பழமும் அரிசியும் சாப்பிட்டு முடித்த ஒரு பையன், அதன் பிறகு "அட்டவணையில் இல்லை" என்று ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நிறம் பூசிய மார்பில் வியர்வை கோடாக வழிந்தது. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். பக்கத்திலிருந்தவன் மணிக்கொருமுறை இரண்டு அரிசிக் கேக்கும் இரண்டு மிடறு தண்ணீரும் எடுத்துக்கொண்டு, கால் நீட்டிப் படுத்திருந்தான். அவனுக்குத்தான் பதக்கம். தசையில் முக்கால் பங்கு நீர்; அதை வற்றவைத்துவிட்டு எதைக் காட்டப் போகிறோம்? முகமது பெனாசிசா என்ற ஆணழகன் 1992-ல் நெதர்லாந்தில் போட்டி முடிந்த சில மணி நேரத்தில் இறந்துபோனார். உடல் அந்த அளவுக்கு நீர் வற்றிப்போயிருந்தது.

பழைய_மேடை:
தண்ணீர் விஷயத்தில் மறுபேச்சே இல்லை. ஆனால் தம்பி, ஒரே வாரத்தில் இரண்டு மாற்றம் வேண்டாம். எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். அந்த ஒன்றையும் வயிறு நிறைந்திருக்கும் நேரத்தில் முடிவு செய்யுங்கள், இரவு 2 மணிக்கு வேண்டாம்.

இயன்முறை_திருச்சி:
இதில் மட்டும் உங்களோடு முழுதாக உடன்படுகிறேன் அண்ணா. ஆனால் தூக்கத்தை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். தம்பி, அறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டுங்கள்.

இரவுப்பணி_70கிலோ:
எல்லோருக்கும் நன்றி. இடுப்பை அளந்தேன்: 77.5 செ.மீ. பத்து நாளுக்கு முன் நோட்டில் எழுதியது 79. இதைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. கோழியும் அரிசியும் அப்படியே இருக்கட்டும். படிக்குப் பதில் சைக்கிள், கூடுதல் 20 நிமிடம் இல்லை. அம்மாவின் பழைய கறுப்புச் சேலையை ஜன்னலில் கட்டிவிட்டேன். மாலை நோட்டை எடுத்துக்கொண்டு மாஸ்டரைப் பார்க்கப் போகிறேன். ஞாயிறு காலை எடையையும் இடுப்பளவையும் இங்கே எழுதுகிறேன்.