எஸ்ஜி_ஐஓ அழைப்பு வெற்றி என்கிறது, வன்தட்டின் விவரமோ வரவில்லை

கேள்வி (வெள்ளவத்தை, கொழும்பு):
வணக்கம். பம்பலப்பிட்டியில் பாவித்த வன்தட்டுகளை வாங்கி விற்கும் நண்பர் ஒருவருக்காக, தட்டின் மாதிரிப் பெயரையும் தொடரிலக்கத்தையும் தட்டிடமே கேட்டு வாசிக்கும் சிறிய சி நிரலொன்றை லினக்ஸில் எழுதுகிறேன். ஐஓசிடிஎல் (கருவிகளுடன் நேரடியாகப் பேசும் கணினி அழைப்பு) மூலம், எஸ்ஜி_ஐஓ என்ற அதன் கோரிக்கை வழியாக, 16 பைட் நீளமுள்ள ஏடிஏ பாஸ்-த்ரூ கட்டளையை (தட்டின் சொந்தக் கட்டளையை உள்ளே சுமந்து செல்வது; பதினறும 85) அனுப்புகிறேன். அதனுள் இருப்பது, தட்டின் விவரம் கேட்கும் ஐடென்டிஃபை டிவைஸ் (பதினறும ஈசி). சாட்டா வடத்தில் இணைத்த தட்டு 512 பைட்டுகளையும் ஒழுங்காகத் தருகிறது. அதே தட்டை யுஎஸ்பி உறையில் இட்டால், அழைப்பு பூச்சியத்தைத் திருப்பினாலும் விடை வந்து சேர வேண்டிய பஃபர் முழுவதும் பூச்சியமாகவே இருக்கிறது. தவறு எங்கே?

மறுமொழி 1:
நிரலை ரூட் உரிமையுடன் இயக்கிப் பாருங்கள்.

மறுமொழி 2:
உரிமை போதாவிட்டால் அழைப்பு -1 ஐத் திருப்பியிருக்கும். ஆகவே காரணம் அதுவன்று. ஐஓசிடிஎல் தரும் பூச்சியத்துக்கு, கோரிக்கையைக் கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) ஏற்றுக் கையாண்டது என்பதற்கு மேல் பொருளில்லை. கட்டளை நிறைவேறியதா என்பதை அறிய, அழைப்புடன் நீங்கள் கொடுக்கும் தலைப்புக் கட்டமைப்பிலுள்ள ஸ்டேட்டஸ், ஹோஸ்ட் ஸ்டேட்டஸ், டிரைவர் ஸ்டேட்டஸ் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். ஸ்டேட்டஸ் 02 எனில், பிழையின் விவரம் இருக்கும் சென்ஸ் பஃபரை அச்சிட்டு இங்கே இடுங்கள். இதைப் பார்க்காத எடுத்துக்காட்டு நிரல்களே இணையத்தில் அதிகம் என்பது என் நெடுநாள் மனக்குறை.

கேட்டவர்:
நன்றி ஐயா. ஸ்டேட்டஸ் 02. சென்ஸ் கீ 05, அதையடுத்து 24, 00.

மறுமொழி 2:
05 என்பது ஏற்கமுடியாத கோரிக்கை. 24 என்பது கட்டளைத் தொகுதியில் பொருந்தாத புலம். சாட்டாவில் அதே பைட்டுகள் வேலை செய்ததால் உங்கள் கட்டளையில் பிழையில்லை. உறையில் யுஎஸ்பிக்கும் சாட்டாவுக்கும் இடையே மொழிபெயர்க்கும் பாலச் சில்லு மறுத்திருக்கலாம். அல்லது கட்டளை உறையைச் சென்றடையவே இல்லை. இரண்டாவதையே நான் முதலில் சந்தேகிப்பேன்: யூஏஎஸ் (யுஎஸ்பி சேமிப்பகங்களுக்கான புதிய, வேகமான முறை) இயக்கியில் இயங்கும் சில உறைகள் பாஸ்-த்ரூ கட்டளையால் தடுமாறுவதால், அவற்றுக்குரிய 12, 16 பைட் கட்டளைகளைக் கெர்னலே தடுத்து, இதே சென்ஸைத் தானாக நிரப்பி அனுப்பிவிடுகிறது. எல்எஸ்யுஎஸ்பி கட்டளையை மரவடிவத் தெரிவுடன் இயக்கினால் எந்த இயக்கி என்பது தெரியும். யூஏஎஸ் எனில், யுஎஸ்பி-ஸ்டோரேஜ் என்ற பழைய இயக்கியின் குவர்க்ஸ் அளபுருவில் (குறிப்பிட்ட கருவிகளுக்கான விதிவிலக்குகளைத் தருமிடம்) உறையின் விற்பனையாளர், பொருள் இலக்கங்களுடன் 'யூ' கொடியைச் சேர்த்து, அந்த இயக்கிக்கு மாற்றிப் பாருங்கள். வேகம் சற்றுக் குறையலாம். விவரம் வாசிக்க அது பொருட்டன்று.

கேட்டவர்:
யூஏஎஸ்தான். மாற்றியதும் 512 பைட்டுகளும் வந்துவிட்டன. சாட்டாவில் பைட்டுகளை மட்டுமே ஒப்பிட்டிருந்தேன். இப்போது எழுத்தாக அச்சிட்டால், மாதிரிப் பெயரின் எழுத்துகள் இரண்டிரண்டாக இடம் மாறி வருகின்றன. இதுவும் உறையின் வேலையா?

மறுமொழி 2:
இல்லை, ஏடிஏ வகுத்த முறையே அது. ஒவ்வொரு 16 பிட் சொல்லிலும் முதல் எழுத்து உயர் பைட்டில் இருக்கும். தொடரிலக்கத்துக்குரிய 10 முதல் 19 வரையான சொற்களிலும், மாதிரிப் பெயருக்குரிய 27 முதல் 46 வரையான சொற்களிலும் பைட்டுகளை இணை இணையாக மாற்றி, ஓரங்களில் நிரப்பியிருக்கும் வெற்றிடங்களை நீக்குங்கள். எண் புலங்களை அப்படி மாற்ற வேண்டாம்.