டொமைன் (இணையதள முகவரி) விலை ரூ. 1,80,000: ஒரே வருடத்தில் செலவு எழுதலாமா?

ஈரோடு கணக்கர்:
திருப்பூரில் வியாபாரிகள் கூட்டம் ஒன்றில் ஒருவர் மைக்கைப் பிடித்துச் சொன்னார்: "டொமைனுக்குக் கொடுத்த காசு எவ்வளவு ஆனாலும் அந்த வருடமே செலவில் எழுதிவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள்." தன் பிராண்டு பெயரில் இருந்த டாட் காமை, அதை முன்பே பதிந்து வைத்திருந்த ஒருவரிடம் 2024 நவம்பரில் 1,80,000 கொடுத்து வாங்கியவர் அவர். கேட்டவர்கள் நோட்டில் குறித்துக்கொண்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

வருடாந்திரப் புதுப்பிப்புக் கட்டணத்தைச் செலவில் எழுதுங்கள், அதற்கு 1961 வருமான வரிச் சட்டத்தில் பிரிவு 37 இருக்கிறது. அடுத்தவரிடம் விலைக்கு வாங்கக் கொடுத்த 1,80,000 மூலதனச் செலவு, அதாவது சொத்து வாங்கிய செலவு. பிரிவு 32-இல் காப்புரிமை, வணிக முத்திரை, அவை போன்ற வணிக உரிமைகள் என்று ஒரு வரிசை வருகிறது. அதில் சேர்த்து வருடத்துக்கு 25 சதவீதம் தேய்மானம் எடுக்க வேண்டும், அதாவது விலையை வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கழிக்க வேண்டும். நவம்பரில் வாங்கினால் மார்ச்சுக்குள் 180 நாள் ஆகாது. அதனால் முதல் வருடம் பாதிதான், 22,500.

திருப்பூர் பனியன்:
மைக்கைப் பிடித்தவன் நான்தானுங்க. பேரை விட்டுவிட்டு ஊரைச் சொன்னால் தெரியாதா? ஒன்றே ஒன்று கேட்கிறேன். வருடா வருடம் காசு கட்டாவிட்டால் டொமைன் கையை விட்டுப் போய்விடும். போய்விடுகிற பொருள் எப்படிச் சொத்தாகும்? குத்தகைத் தோட்டம் மாதிரிதான் இது. குத்தகைப் பணத்தை யாராவது சொத்தில் எழுதுவார்களா?

ஈரோடு கணக்கர்:
புதுப்பிக்கிற கட்டணம் வேறு, வாங்கிய விலை வேறு. உங்களுக்கு டொமைனை விற்றவர் கட்டணத்தையா வாங்கினார்? தன் உரிமையை விட்டுக்கொடுக்க விலை வாங்கினார்.

பொள்ளாச்சி தென்னை:
குத்தகை பற்றித் தெரியாமல் பேச வேண்டாம் அண்ணா. குத்தகைக்காரன் தோட்டத்தை விற்க முடியாது. நீங்கள் அந்த டாட் காமை நாளைக்கே இன்னொருவருக்கு விற்கலாம்.

திருப்பூர் பனியன்:
விற்கலாம் தம்பி. ஆனால் கட்டாவிட்டால் போய்விடும். அதற்குப் பதில் சொல்லுங்கள். ஒரே மூச்சில் பத்து வருடத்துக்கு மேல் பதியக்கூட முடியாது.

பீளமேடு பட்டறை:
அமெரிக்காவிலேயே, வேறொருவரிடம் வாங்கிய டொமைன் விலையை 15 வருடமாகப் பிரித்து எழுதச் சொல்கிறார்கள். அதுதான் முறை.

ஈரோடு கணக்கர்:
பீளமேட்டில் மோட்டார் பம்பு செய்கிறவருக்கு அமெரிக்கச் சட்டம் எதற்கு? இங்கே 25 சதவீதம், குறைந்துகொண்டே வரும் மதிப்பின் மேல். முதல் வருடம் 22,500 போனால் மீதி 1,57,500. அடுத்த வருடம் அதில் 39,375. இதை ஒரே வருடத்தில் எழுதி, ஸ்குரூட்டினியில், அதாவது வரித்துறை கணக்கைத் துருவிப் பார்க்கும்போது, மாட்டினால் என்ன ஆகும்? பங்குதாரர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டு நிறுவனத்துக்கு வரி, செஸ் சேர்த்து 31.2 சதவீதம். அதிகமாகக் காட்டிய 1,57,500-க்கு 49,140 ரூபாய் வரி. வட்டி தனி.

பீளமேடு பட்டறை:
நான் உங்கள் பக்கம்தான் பேசினேன். அதற்கே இந்தப் பேச்சா?

திருப்பூர் பனியன்:
அவர் அப்படித்தானுங்க. என் கணக்கை அவரிடமிருந்து வேறு ஆடிட்டருக்கு மாற்றியதிலிருந்து இந்தக் கோபம். டெல்லி உயர் நீதிமன்றம் 2023-இல் கோடாடி வழக்கில் என்ன சொன்னது? பதிவு செய்து தருகிற நிறுவனம் டொமைனுக்கு உரிமையாளர் இல்லை. அவர்களுக்கே உரிமை இல்லாதபோது எனக்கு எங்கிருந்து வந்தது? போய்விடுகிற பொருள் சொத்து இல்லை.

ஈரோடு கணக்கர்:
தீர்ப்பை முழுதாகப் படிக்காமல் தூக்கிக்கொண்டு வராதீர்கள். அங்கே கேள்வி, பதிவுக் கட்டணம் ராயல்டியா (ஒருவர் உரிமையைப் பயன்படுத்தக் கொடுக்கும் காசா) இல்லையா என்பது. பதிவு நிறுவனம் உரிமையாளர் இல்லை, ஆகவே ராயல்டி இல்லை என்றார்கள். பதிந்தவருக்கு உரிமை இல்லை என்று எங்கே சொன்னார்கள்? 2004-இல் சத்யம் இன்போவே வழக்கில் உச்ச நீதிமன்றம், டொமைன் பெயருக்கும் வணிக முத்திரைக்கு உரிய பாதுகாப்பு உண்டு என்றது.

கட்டாவிட்டால் போய்விடும் என்கிறீர்கள். 2010-இல் டெக்னோ ஷேர்ஸ் வழக்கைப் பாருங்கள். மும்பைப் பங்குச் சந்தை உறுப்பினர் அட்டை. உறுப்பினர் கடன் தவறினால் அந்த உரிமை சந்தைக்கே திரும்பிப் போகும். அதற்கும் தேய்மானம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. போகக்கூடியது என்பதாலேயே சொத்து இல்லை என்று ஆகாது. கணக்கை மாற்றியது உங்கள் இஷ்டம். நான் கோபப்பட்டு எழுதுவது, உங்கள் பேச்சைக் கேட்டு சின்னச் சின்ன யூனிட்காரர்கள் மாட்டிக்கொள்வார்களே என்றுதான்.

சென்னிமலை போர்வை:
ஊர்ப் பெயரையும் பொருள் பெயரையும் யார் யாரோ முன்பே பதிந்து வைத்துக்கொண்டு லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். அதைக் கேட்க ஆள் இல்லை. தறி போட்டு நெய்கிறவன் பெயரை அவனுக்கே விற்கிறார்கள். முதலில் அதைப் பேசுங்கள்.

பொள்ளாச்சி தென்னை:
நான் 44ஏடி, சின்ன வியாபாரிகள் விற்றுமுதலில் ஒரு சதவீதத்தை லாபமாகக் காட்டி வரி கட்டும் பிரிவு. விற்றுமுதலில் 6 சதவீதம் லாபம் காட்டுகிறேன், விற்ற பணம் வருவது எல்லாம் வங்கி வழிதான். எனக்குச் செலவோ தேய்மானமோ தனியாக எழுத வேண்டிய வேலையே இல்லை.

திருப்பூர் பனியன்:
அப்புறம் ஏன் தம்பி நடுவில் வருகிறீர்கள்?

பொள்ளாச்சி தென்னை:
குத்தகையை இழுத்தது நீங்கள்தான்.

பீளமேடு பட்டறை:
1,80,000-இல் அறுபதாயிரம் ரொக்கம் என்று போன வாரம் பேக்கரியில் டீ குடிக்கும்போது சொன்னீர்களே பனியன் அண்ணா. ஒரே நாளில் ஒருவருக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், செலவு என்றாலும் கழியாது, சொத்து என்றாலும் விலையில் சேராது. அந்த அறுபதாயிரம் இரண்டு வழியிலும் போச்சு.

திருப்பூர் பனியன்:
பேக்கரியில் பேசியதை இங்கே கொண்டுவந்து கொட்டுகிறீர்களே, இது என்ன பழக்கம்? பீளமேட்டுக்காரர்களிடம் இனி ஒரு வார்த்தை பேசினால் பாருங்கள்.

ஈரோடு கணக்கர்:
ரொக்கமுமா! அப்படியானால் 1,20,000-க்குத்தான் தேய்மானம். முதல் வருடம் 15,000. நான் சொன்ன கணக்கையே குறைத்துக்கொள்ள வேண்டும். இவர்தான் கூட்டத்தில் அறிவுரை சொல்கிறார்.

திருப்பூர் பனியன்:
நீங்கள் சொல்கிற பிரிவு எல்லாம் 1961 சட்டம். 2026 ஏப்ரல் 1 முதல் 2025 சட்டம். பிரிவு எண்ணே மாறிப்போச்சு. அதையாவது படித்தீர்களா?

ஈரோடு கணக்கர்:
வாங்கியது 2024 நவம்பரில். அதற்குப் பழைய சட்டம்தான். எண் மாறினால் சொத்து செலவாகிவிடாது. புதுப்பிக்கிற கட்டணம் வேறு, வாங்கிய விலை வேறு. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதுகிறேன்.

சென்னிமலை போர்வை:
நான் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

ஈரோடு கணக்கர்:
அம்மணி, அதைத் தனியாகத் தொடங்குங்கள், வருகிறேன். பனியன்காரரே, விற்பனை ஒப்பந்தத்தை இங்கே படம் எடுத்துப் போடுங்கள். அதில் "விற்கிறேன்" என்று இருக்கிறதா, "வாடகைக்கு விடுகிறேன்" என்று இருக்கிறதா, எல்லோரும் பார்க்கட்டும்.

திருப்பூர் பனியன்:
உங்களுக்கு எதற்குக் காட்ட வேண்டும்? என் ஆடிட்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டாச்சு. கட்டாவிட்டால் போய்விடும், அவ்வளவுதான்.